மோரிஸ் மைனர் கிளம்பவில்லையா? பொறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

அப்பா பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தார். ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. அவர் விட்டுப்போன பழைய 1098 சிசி மோரிஸ் மைனர் காடியை 11 வருடமாக ஓட்டுவதும் நான்தான், பழுது பார்ப்பதும் நான்தான். இந்தக் காடி வழியில் நின்றபோதெல்லாம் பெரும்பாலும் இக்னிஷன், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி வரும் வழி, அதில்தான் கோளாறு. அதனால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: பொறி எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று தெரியும்வரை கடைக்குப் போய் எந்தச் சாமானும் வாங்காதீர்கள்.

12 வோல்ட் டெஸ்ட் லைட், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஸ்க்ரூ டிரைவர், நல்ல பிளக் ஒன்று, மெல்லிய எமரி தாள். இவ்வளவு போதும்.

முதலில் கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் வயர் ஒன்றைக் கழற்றி, கையிருப்புப் பிளக்கில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பை எஞ்சினோடு ஒட்டி வையுங்கள். கையில் ரப்பர் உறை இருக்கட்டும். வீட்டில் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலமாக, 'டிக் டிக்' என்று அடித்தால் இக்னிஷன் நன்றாக இருக்கிறது. பெட்ரோல் பக்கம் போங்கள். பொறி இல்லை என்றால், காயிலிலிருந்து (வோல்ட்டை உயர்த்துவது) டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது) மூடியின் நடுவுக்கு வரும் தடித்த வயரை மூடிப் பக்கம் கழற்றி அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே பொறி வந்தால் குற்றவாளி மூடி, ரோட்டர் (மூடிக்குள் சுற்றும் கை), பிளக் வயர் இவற்றில் ஒன்று. அங்கேயும் இல்லையென்றால் கோளாறு காயிலிலோ பாய்ண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) பக்கமோ இருக்கிறது.

இனி டெஸ்ட் லைட்டுக்கு வேலை. அதன் ஒரு முனையை எஞ்சின் இரும்பில் மாட்டிக்கொள்ளுங்கள். பழைய லூகாஸ் காயிலில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று இரண்டு முனைகள் இருக்கும். முதலாவது சாவியிலிருந்து வருவது, இரண்டாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது. மைனர் முதலில் பாசிட்டிவ் எர்த் காடி, அதாவது பாட்டரியின் பாசிட்டிவ் முனை காடியின் உடம்போடு சேர்ந்திருக்கும். டெஸ்ட் லைட்டுக்கு அதெல்லாம் பொருட்டில்லை, எந்தப் பக்கமானாலும் எரியும். சாவியைப் போட்டதும் எஸ்.டபிள்யூ.வில் எரிய வேண்டும். பிறகு சி.பி.யில் வைத்து எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பாய்ண்ட் திறக்கும்போது எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். அணையவே இல்லை என்றால் பாய்ண்ட் அழுக்கு, அல்லது உள்வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் சி.பி. வயரைக் கழற்றிவிட்டு மறுபடி வையுங்கள்: இப்போது எரிந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ உரசுகிறது, அப்போதும் எரியாவிட்டால் காயில் போய்விட்டது. சாவியைப் போட்டபடி விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள்; பாய்ண்ட் மூடி நின்றால் காயில் சூடேறி வீணாகும்.

உள்வயர் என்றேனே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஈஜோக் போகும் வழியில், இரண்டு பக்கமும் செம்பனை, காடி விநோதமாக நடந்துகொண்டது. நின்ற இடத்தில் எஞ்சின் அழகாக ஓடும். எண்ணெயை மிதித்தால் செத்துவிடும். அன்றைக்கு நான் கார்புரேட்டரைத்தான் திட்டினேன். வீட்டுக்கு இழுத்து வந்து மூடியைத் திறந்து, பாய்ண்ட் மூடியிருக்கும்போது, பக்கவாட்டிலிருந்து பாய்ண்டுக்கு வரும் குட்டி வயரைப் பென்சிலால் அசைத்தேன். லைட் மினுக்கியது. மேலே துணி உறை முழுசாக இருக்கிறது. உள்ளே செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து இரண்டே இழை மிச்சம். பாய்ண்ட் உட்கார்ந்திருக்கும் வேக்கம் தட்டு (எஞ்சினின் உறிஞ்சலால் அசைவது) நகரும்போதெல்லாம் அந்த வயரும் வளைகிறது. வருடக்கணக்கில் வளைந்தால் என்ன ஆகும்? அதே அளவுக்கு மெல்லிய இழைகளாலான, நன்றாக வளையும் வயரைத்தான் போட வேண்டும். விறைப்பான வீட்டு வயர் சீக்கிரம் முறிந்துவிடும்.

பாய்ண்டைக் கழற்றினால் எமரி தாளால் லேசாகத் தேய்த்து, சுத்தமான அட்டைத் துண்டை இடையில் இழுத்துத் தூசியை எடுங்கள். பாய்ண்டைத் திறக்கும் கேமின் உச்சியில் நிறுத்தி, 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. இடைவெளி வையுங்கள். கேஜ் லேசாகப் பிடித்து நகர வேண்டும். பழைய மாதிரிப் பாய்ண்டில் கண்டன்சர் (பாய்ண்டில் பொறி தெறிப்பதைக் குறைக்கும் சின்ன உருளை) வயரும் உள்வயரும் ஸ்ப்ரிங்கைத் தொட வேண்டும், நடுக் கம்பத்தைத் தொடக் கூடாது. அந்தச் சின்னப் பிளாஸ்டிக் வளையத்தை மறந்தால் பொறியே வராது. இடைவெளி மாறினால் டைமிங்கும் (பொறி அடிக்கும் நேரம்) நகரும், அதையும் பாருங்கள். பிளக்குக்கு 0.025 அங்குலம். வயர்களை மாற்றிப் போட்டுவிட்டீர்களா? வரிசை 1-3-4-2, ரோட்டர் சுற்றுவது இடப்பக்கமாக.

சாயங்கால மழைக்குப் பிறகு கிளம்பவில்லை என்றால் மூடியின் உட்புறத்தைத் துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். பென்சிலால் கிறுக்கியது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றுங்கள்.

கடைசியாகக் கண்டன்சர். பாய்ண்டில் பளிச்சென்று நீலப் பொறி தெறித்து, பிளக்கில் மட்டும் மஞ்சளாக இருந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். நான் வாங்கிய புதியது இரண்டு வாரத்தில் செத்தது. அப்பா போட்டிருந்த பழைய கண்டன்சரை டப்பாவில் தேடி எடுத்து மாட்டினேன்; இன்றைக்கு வரை அதில்தான் ஓடுகிறது. கழற்றும் பழைய கண்டன்சரும் ரோட்டரும் நன்றாக இருந்தால், துணியில் சுற்றிக் காடிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.