டெர்ஜிவர்சேஷன்: மழுப்பலைக் குறிக்கும் அரிய ஆங்கிலச் சொல்லைக் கையாளும் முறை

நேரான கேள்விக்கு நேரான விடை தராமல் நழுவுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்கள் பல இருந்தாலும், டெர்ஜிவர்சேஷன் என்பது நன்கு படித்தவர்களையும் அகராதியைப் புரட்ட வைக்கும் அளவுக்கு அரிதானது. முதுகு என்னும் பொருளுடைய ‘டெர்கம்’, திருப்புதலைக் குறிக்கும் ‘வெர்டெரே’ ஆகிய லத்தீன் சொற்களிலிருந்து பிறந்ததால், முதுகைத் திருப்பிக்கொள்வதே அதன் அடிப்படைக் கருத்தாகும்.

கேள்விக்கு முதுகு காட்டினால் அது மழுப்பல். கொண்ட கொள்கைக்கோ சேர்ந்த அணிக்கோ முதுகு காட்டினால் அது கட்சித் தாவல். இவ்விரண்டையும் இச்சொல் குறிக்கும் என்பதால், எது கருதப்படுகிறது என்பதைச் சூழலே உணர்த்தும்படி வாக்கியத்தை அமைக்க வேண்டும். “விசாரணைக் குழுவின் கேள்விகளுக்கு அதிகாரியின் டெர்ஜிவர்சேஷனே விடையாகக் கிடைத்தது” என்றால் ஐயத்துக்கு இடமில்லை. “தலைவரின் டெர்ஜிவர்சேஷன் தொண்டர்களை வருத்தியது” என்று மட்டும் எழுதினால், அவர் மழுப்பினாரா, அணி மாறினாரா என்று வாசகர் குழம்புவார்.

இதன் வினைவடிவமான டெர்ஜிவர்சேட், செயப்படுபொருளை ஏற்காது. இருபொருள்படப் பேசுவதை மட்டும் சொல்ல ஈக்விவொகேஷனும், உண்மையைத் திரிப்பதைச் சொல்ல பிரிவாரிகேஷனும் பொருத்தமானவை.

டிக்‌ஷனரி.காம் 2011-இல் இவ்வினைச்சொல்லை ஆண்டின் சொல்லாக அறிவித்தபோதும், அன்றாடப் பேச்சில் அது இடம்பெறவில்லை. அரசியல் விமர்சனத்திலும் கட்டுரையிலும் எடுபடும் இச்சொல், அலுவலக மின்னஞ்சலில் வீண் பகட்டாகவே தோன்றும் என்பது என் கருத்து.