மூன்று வயதுக் குழந்தையை இரவு எட்டரைக்குத் தூங்க வைப்பது எப்படி?

இரவு பத்து மணிக்கும் வீடெங்கும் ஓடித் திரிந்த மகளைப் பார்த்து, இவளுக்குத் தூக்கமே வருவதில்லை என்று பல மாதங்கள் நினைத்திருந்தோம். தூங்கும் நேரம் தவறிப்போனால் சிறு குழந்தைகள் சோர்ந்து படுப்பதற்குப் பதிலாக முன்னைவிடத் துள்ளுவார்கள், சின்னதற்கெல்லாம் அழுவார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. அவளுடைய மூன்றாவது வயதில் நாங்கள் கடைப்பிடித்த முறை இது.

படி 1: காலையிலிருந்து கணக்கிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுக் குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை. காலை 6.30-க்கு எழும் குழந்தை பகலில் 1 மணி நேரம் தூங்கினால், இரவு 8.30-க்குக் கண்ணயர்ந்தால்தான் 11 மணி நேரம் தேறும். எழும் நேரத்தை ஞாயிற்றுக்கிழமையும் மாற்ற வேண்டாம்.

படி 2: வீட்டுப் பெரியவர்களோடு பேசுங்கள். என் அனுபவத்தில் மற்ற படிகள் எல்லாம் இதைப் பொறுத்தே அமைந்தன. குழந்தை அருகில் இல்லாதபோது, யாரும் கோபத்தில் இல்லாத ஒரு பகல் வேளையில் பேச்சைத் தொடங்குங்கள். ‘நீங்கள் சீரியல் பார்ப்பதால்தான் இவள் தூங்குவதில்லை’ என்று சொல்லியிருந்தால் என் மாமியாரின் மனம் புண்பட்டிருக்கும். ‘அத்தை, எட்டு மணிக்குக் கதை சொல்லும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டேன். அன்று முதல் அவரே டிவியை அணைத்துவிட்டுப் பேத்தியை அழைத்துக்கொண்டு அறைக்குள் போனார். ஒன்பதரைக்கு அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் அவள் விழித்துக்கொள்வது அடுத்த சிக்கலாக இருந்தது. அப்பாவுக்குரிய நேரத்தைக் காலைக்கு மாற்றினோம்; பல் தேய்ப்பது முதல் தலை வாருவது வரை அவர் பொறுப்பு. இரவில் வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்.

படி 3: ஒரே வரிசையைத் தினமும் பின்பற்றுங்கள். 7.15-க்குச் சாப்பாடு, பிறகு வெந்நீரில் உடம்பு கழுவுதல், பல் தேய்த்தல், கதை. 7.30-க்கு மேல் செல்போனும் டிவியும் வேண்டாம். தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதை வெளிச்சம் தடுக்கும் என்பதால், டியூப்லைட்டையும் அணைத்துவிட்டுச் சிறிய விளக்கை மட்டும் எரியவிடுங்கள்.

படி 4: படுத்தபின் ஐந்து நிமிடம் கேளுங்கள். ‘இன்று பள்ளியில் என்ன நடந்தது?’ என்றால் ‘ஒன்றுமில்லை’ என்ற பதில்தான் வரும். ‘மத்தியானம் உன் பக்கத்தில் யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒருநாள் அந்தக் கேள்விக்கு, ‘யாருமே உட்காரவில்லை’ என்றாள். உடனே அறிவுரை சொல்லாமல், ‘உனக்கு வருத்தமாக இருந்ததா?’ என்று மட்டும் கேட்டேன். தலையாட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

படி 5: எழுந்து வந்தால் திரும்பப் படுக்க வையுங்கள். திட்டவும் வேண்டாம், விளையாட்டுக் காட்டவும் வேண்டாம். ‘தூங்கும் நேரம், கண்ணு’ என்ற ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு முறையும் அதே குரலில் சொல்லுங்கள்.

இப்போது பத்து மணிக்குத் தூங்கும் குழந்தையை ஒரே நாளில் எட்டரைக்கு இழுக்க முடியாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாகப் படுக்க வைத்தால் இரண்டு மூன்று வாரங்களில் நேரம் படியும். தினமும் குறட்டை விட்டாலோ, தூக்கத்தில் மூச்சுத் திணறினாலோ, இந்தப் படிகளோடு நிற்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.