காலியாகத் தெரிந்த கட்டங்கள் காலியாக இல்லை

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் பராமரிப்புக் கட்டணக் கணக்கை எக்செலில் நான்தான் எழுதுகிறேன். தொகை நிரலில் எண் இருந்தால் 'செலுத்தியது', இல்லாவிட்டால் 'நிலுவை' என்று வர வேண்டும். சூத்திரம் எளியது: இஃப், சி2 (தொகை இருக்கும் கட்டம்) பூஜ்யத்தைவிடப் பெரிதா? ஆனால் பணமே கட்டாத சில வீடுகளுக்கும் 'செலுத்தியது' என்றே வந்தது. மூன்று நாள் போயிற்று.

முதலில், கட்டம் காலியா என்று பார்க்கும் ஐஸ்பிளாங்க் போட்டேன். கண்ணுக்கு வெறுமையாகத் தெரிந்த கட்டத்துக்கு 'ஃபால்ஸ்', அதாவது காலியில்லை, என்றது. இடைவெளியாக இருக்கும் என்று, தேவையற்ற இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் போட்டேன், பலனில்லை. நிரலை எண் வடிவத்துக்கு மாற்றியும் பார்த்தேன், அதுவும் வீண்.

கடைசியில், எழுத்துகளை எண்ணும் லென் போட்டபோது 1 என்று வந்தது. எழுத்தின் குறியீட்டு எண்ணைச் சொல்லும் கோட் போட்டால் 160. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த பட்டியலோடு ஒட்டிக்கொண்டு வந்த, உடையாத இடைவெளி (அந்த இடத்தில் வரி உடையாமல் இருக்க இடுவது) அது. ட்ரிம் நீக்குவது 32ஆம் எண் கொண்ட சாதாரண இடைவெளியை மட்டுமே. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: எக்செல் ஒப்பிடும்போது எழுத்து எதுவானாலும் எண்ணைவிடப் பெரிது. அதனால்தான் அந்த ஒற்றை இடைவெளி பூஜ்யத்தை வென்றது. வேறொரு சூத்திரம் விட்டுச்சென்ற வெற்று மேற்கோளும் (உள்ளே எழுத்தே இல்லாத உரை) இதே வேலையைச் செய்யும்.

இப்போது ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இடும் சப்ஸ்டிட்யூட் கொண்டு யூனிகேர்(160)ஐ, அதாவது அந்த உடையாத இடைவெளியை, அகற்றி, ட்ரிம் செய்து, லென் பூஜ்யமா என்றுதான் முதலில் கேட்கிறேன். பூஜ்யமென்றால் 'நிலுவை', மற்றவற்றுக்கு மட்டும் பழைய ஒப்பீடு. பட்டியல் சரியாகிவிட்டது, நிம்மதி.