போட்டோ பிரிண்டர் வாங்குமுன்: ஒரு பிரிண்டுக்கு உண்மையில் என்ன செலவாகும்?

பிரிண்டர் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் இங்க்கில் மாட்டிக்கொள்வீர்கள். ஏ2 அளவு வரை போடும் எப்சன் பி900, கேனன் ப்ரோ-1000, ஏ3+ வரை போகும் டேங்க் வகை (பாட்டிலிலிருந்து இங்க் ஊற்றுவது) எப்சன் எல்18050 ஆகிய மூன்றையும் வைத்துக் கணக்கைப் போடுவோம். வேறு மாடலுக்கும் முறை இதேதான்.

படி 1: வாரத்துக்கு எத்தனை பிரிண்ட்?

எல்லாவற்றுக்கும் முன்னால் இதை எழுதி வையுங்கள். இன்க்ஜெட் சும்மா கிடந்தாலும் இங்க் குடிக்கும். நாசிலில் (இங்க் பீச்சும் நுண்துளை) இங்க் காயாமல் இருக்க அவ்வப்போது தானாகவே ஹெட்டை (நாசில்கள் இருக்கும் பகுதி) சுத்தம் செய்துகொள்ளும். மாதத்துக்கு நாலைந்து படம்தான் என்றால் பிரிண்டரே வேண்டாம், லேபில் கொடுப்பதுதான் லாபம்.

படி 2: மி.லி. விலை

கார்ட்ரிட்ஜ் விலையை அதிலுள்ள மி.லி.யால் வகுங்கள். பி900இல் 50 மி.லி., அதன் தம்பி பி700இல் 25 மி.லி., ப்ரோ-1000இல் 80 மி.லி., கேனன் ப்ரோ-300இல் வெறும் 14.4 மி.லி. எல்18050க்கு 70 மி.லி. பாட்டில். சின்ன பிரிண்டரில் மி.லி. விலை பெரும்பாலும் எகிறியிருக்கும். "மெஷின் மலிவு" என்பதன் மறுபக்கம் இது.

டேங்க் பிரிண்டரில் மி.லி. விலை பல மடங்கு குறைவு. ஆனால் எல்18050இல் ஊற்றுவது டை இங்க் (கரைந்த சாயம்), மற்றவை பிக்மென்ட் (நுண்ணிய நிறத்துகள்). ஆல்பத்துக்கும் ஐடி போட்டோவுக்கும் டை போதும். ஃபிரேம் போட்டு வெளிச்சத்தில் மாட்டி, பல வருடம் நிறம் நிற்க வேண்டும் என்றால் பிக்மென்ட்தான்.

படி 3: தராசில் நிறுத்துப் பாருங்கள்

மெனுவில் தெரியும் இங்க் கோட்டை நம்பிக் கணக்குப் போட முடியாது. 0.1 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். மாதத் தொடக்கத்தில் ஒவ்வொரு கார்ட்ரிட்ஜையும் மெயின்டனன்ஸ் பாக்ஸையும் (கழிவு இங்க் சேரும் பெட்டி) நிறுத்து எழுதுங்கள். மாதக் கடைசியில் மறுபடி ஒருமுறை. நடுவில் கழற்றி மாட்ட வேண்டாம், மாட்டும்போதெல்லாம் கொஞ்சம் இங்க் போகலாம். 1 கிராமை ஏறத்தாழ 1 மி.லி. என்று கொள்ளலாம். புது பிரிண்டரின் முதல் மாதத்தைச் சேர்க்காதீர்கள். குழாய்களை நிரப்பவே நிறைய இங்க் போய்விடும்.

மி.லி. ரூ.70 என்று வைத்துக்கொள்வோம். கார்ட்ரிட்ஜ்கள் மொத்தம் 120 கிராம் குறைந்திருக்கின்றன, பாக்ஸ் 30 கிராம் கூடியிருக்கிறது, 80 ஏ4 பிரிண்ட் வந்திருக்கிறது. அதாவது தாளில் ஏறியது 90 மி.லி., ஒரு பிரிண்டுக்கு இங்க் ரூ.79. கழிவையும் சேர்த்தால் ரூ.105. அதே மாதத்தில் 20 பிரிண்ட்தான் போட்டு, கழிவு மாறாமல் அதே 30 கிராம் என்றால் ஒரு பிரிண்ட் ரூ.184க்குப் போய்விடும்! பாக்ஸில் விழுந்த இங்க்கிலிருந்து ஈரம் ஆவியாவதால் உண்மையான கழிவு தராசு காட்டுவதைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். தாள், பாக்ஸ் விலை தனி.

படி 4: ஹெட் யார் பொறுப்பு?

ப்ரோ-1000இல் இருப்பது சூட்டில் வேலை செய்யும் ஹெட். நாளாக ஆகத் தேயும், ஆனால் வாங்கி நீங்களே மாற்றிக்கொள்ளலாம். சில நாசில் செத்தாலும் மற்றவை ஈடுகட்டும். அதனால் கோடு விழுவது தாமதமாகத்தான் தெரியும். எப்சனின் பீசோ ஹெட் (சூடாக்காமல் இங்க்கைத் தள்ளுவது) நீண்டகாலம் உழைக்கும். போனால் சர்வீஸ் ஆள்தான் மாற்ற வேண்டும், செலவும் சுளுவாக இருக்காது. ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்று வாங்குமுன் விசாரியுங்கள்.

படி 5: அடைப்பு

வாரம் ஒரு முறையாவது எல்லா நிறமும் வரும் ஏ4 ஒன்று போடுங்கள். பிளக் பாயின்ட்டில் அணைக்கக் கூடாது, பிரிண்டரின் பவர் பட்டனில்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் தன் மூடியில் போய் உட்காரும். பிரிண்ட் ஓடும்போது கரண்ட் போனால் ஹெட் திறந்தபடி நடுவழியில் நின்றுவிடும். யுபிஎஸ் கட்டாயம் என்பேன். ஏசி காற்று நேராக மேலே அடிக்காத இடமாகப் பாருங்கள்.

நாசில் செக்கில் (எல்லா நாசிலும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பிரிண்ட்) கோடு விட்டிருந்தால் ஹெட் கிளீனிங் ஒன்று, மறுபடி செக். மூன்று முறைக்கும் சரியாகவில்லை என்றால் நிறுத்திவிட்டு, எப்சனில் 12 மணி நேரம் அணைத்து வைத்துவிட்டுப் பாருங்கள். ஊறிய அடைப்பு பாதி தானே இளகும். விடாமல் கிளீனிங் அடிப்பவர்கள் பாக்ஸைத்தான் நிரப்புகிறார்கள். டேங்க் பிரிண்டரில் பவர் கிளீனிங் (நிறைய இங்க் செலவழித்துச் செய்யும் பலமான சுத்தம்) கடைசி ஆயுதம். டேங்க் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் அதைத் தொடவே கூடாது, மெஷின் பழுதாகலாம்.

தாளின் ஓரம் சுருண்டிருந்தால் ஹெட் உரசும். பிரிண்டில் கறுப்புத் தீற்றல் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள், அப்புறம் அடைப்பை. தாளை எதிர்ப்பக்கம் மெல்ல வளைத்து நேராக்குங்கள், கனமான தாளுக்கு பிளாட்டன் இடைவெளியை (ஹெட்டுக்கும் தாள் ஓடும் தளத்துக்கும் நடுவே உள்ளது) கூட்டுங்கள்.

பழைய மெஷின் வாங்குபவர்களுக்கு

எப்சன் பி800 மலிவாகக் கிடைக்கிறது என்று பாய வேண்டாம். அதில் கிளாஸி (பளபளப்பு) தாளுக்கான கறுப்பும் மேட் (பளபளப்பில்லாத) தாளுக்கான கறுப்பும் ஒரே வழியில் வருகின்றன. தாள் வகை மாற்றும் ஒவ்வொரு முறையும் இங்க் வீணாகும். பி700, பி900இல் இரண்டுக்கும் தனி வழி. எந்தப் பழைய மெஷின் ஆனாலும் உங்கள் கண் முன்னாலேயே நாசில் செக் போடச் சொல்லுங்கள். கிளீனிங் அடித்துத் தயாராக வைத்திருந்தால், ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போடச் சொல்லுங்கள்.