வெளிப்பக்கம் திறக்கும் குளியலறைக் கதவு

வீட்டில் வயதானவரோ நடக்கச் சிரமப்படுபவரோ இருந்தால், குளியலறைக் கதவை உள்ளே தள்ளித் திறப்பதற்குப் பதிலாக வெளியே இழுத்துத் திறப்பதுபோல் மாற்றிவிடுங்கள். ஆசாரியிடம் சொன்னால், கீலைப் பிடுங்கி மறுபக்கம் அடித்து, கதவு நிற்பதற்கு நிலையில் ஒரு ரீப்பரும் (மெல்லிய மரச்சட்டம்) வைத்துத் தருவார். சுவரை இடிக்க வேண்டியதில்லை.

உள்ளே வழுக்கி விழுபவர் கதவின் மீதே சாய்ந்து கிடக்கலாம். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், தள்ளத் தள்ள அவர் மேலேயே இடிக்கும், உடைப்பதும் ஆபத்து. வெளிப்பக்கம் திறந்தால் உடனே போய்த் தூக்கலாம். கதவு சுழலும் இடமும் மிச்சமாவதால் சின்னக் குளியலறையில் வாக்கரோடு திரும்ப முடியும். கையோடு தாழ்ப்பாளையும் மாற்றுங்கள்: வெளியிலிருந்து காசை வைத்துத் திருப்பினால் திறக்கிற வகை கடைகளில் கிடைக்கிறது. இது இல்லாவிட்டால் கதவை மாற்றியும் பாதிப் பயன்தான்.

மதுரை மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் இருப்பதுபோல், குளியலறைக்கு வெளியே ஒடுக்கமான நடையோ மாடிப்படியோ இருக்கும் வீட்டுக்கு இது சரிவராது. போகிறவர் மேல் கதவு அடிக்கும். அங்கே பக்கவாட்டில் நகரும் கதவு போடலாம். சக்கர நாற்காலிக்கும் கதவு திறக்கும் பக்கத்தை மாற்றுவது மட்டும் போதாது. கதவைத் திறந்தபின் கிடைக்கும் வழி 32 அங்குலமாவது வேண்டும். அதைவிடக் குறைவென்றால் நிலையையே பெயர்த்து அகலப்படுத்தத்தான் வேண்டும், அது கொத்தனார் வேலை.