திருநர் பதின்வயதினரின் கதைக்குள் வரலாற்றைக் கொண்டுவருவது எப்படி?

திருநர் பதின்வயதினரை மையமாகக் கொண்ட இளையோர் நாவலில் பால்புதுமையினரின் (LGBTQ+) வரலாற்றையும் சொல்ல விரும்புபவர், எந்த ஆண்டு, எந்த இடம், யார் கையில் எந்தக் காகிதம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பல பத்தாண்டுகளின் போராட்டத்தை ஒரே நூலில் அடக்க முயன்றால், கதாபாத்திரம் பேசுவதை விட்டுவிட்டுப் பாடம் ஒப்பிக்கத் தொடங்கிவிடும்.

பெர்லின் நகரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானிய மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் அங்கே 1919இல் பாலியல் அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். தாம் உணர்ந்த பாலினத்துக்குரிய உடையில் வெளியே செல்வோர் கைதாகாமல் இருப்பதற்காக, மருத்துவச் சான்றின் அடிப்படையில் காவல்துறை அவர்களுக்கு அடையாளச் சான்று வழங்கியது. 1928இல் கெர்ட் கட்டர் என்பவர் அத்தகைய சான்று ஒன்றைப் பெற்றபோது அவருக்கு வயது 18 மட்டுமே. அவர் ஆண் உடை அணிபவராக ‘இங்கே அறியப்பட்டவர்’ என்றுதான் அதில் எழுதப்பட்டிருந்தது. ‘அனுமதிக்கப்பட்டவர்’ என்ற சொல் அதில் இல்லை. அந்த ஒரு சொல்லின் இடைவெளியிலேயே ஓர் அத்தியாயத்துக்கான அச்சம் முழுவதும் இருக்கிறது. உங்கள் கதாபாத்திரம் அந்தக் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தெருவில் ஒரு காவலரை எதிர்கொள்ளட்டும். சட்டத்தை விளக்கும் பத்தி தேவைப்படாது.

வயதைக் குறித்து வைத்துக்கொள்வதும் இன்றியமையாதது. நியூயார்க்கில் 1970இல் உரிமைப் போராளி மார்ஷா பி. ஜான்சனுடன் சேர்ந்து, வீடற்ற இளையோருக்காக ஓர் அமைப்பை உருவாக்கிய சில்வியா ரிவேராவுக்கு அப்போது வயது 19. வரலாற்றை நடத்தியவர்கள் தம் வயதை ஒட்டியவர்கள் என்பதை அறியும் வாசகர், அவர்களைச் சிலைகளாகப் பார்க்க மாட்டார்.

இனி மொழி. தமிழில் எழுதுபவருக்கு இங்கே ஒரு பொறுப்பும் ஒரு வாய்ப்பும் சேர்ந்தே கிடைக்கின்றன. படர்க்கையில் ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வினைமுற்றே பாலைக் காட்டிவிடுவதால், கதைசொல்லி முதல் வரியிலிருந்தே கதாபாத்திரத்தின் உண்மையான பாலுக்குரிய விகுதியைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தவறான விகுதி பிறருடைய உரையாடலில் மட்டும் வரட்டும். தன்மையில் எழுதினாலோ, ‘வந்தேன்’, ‘அழுதேன்’ என்பவை பாலைக் காட்டுவதில்லை. தன்னை இன்னும் பெயரிட்டுக்கொள்ளாத ஒருவரின் மனத்துக்குள் இருந்து நெடுந்தொலைவு எழுத நம் இலக்கணமே இடம் தருகிறது. அத்தனை நாளும் ‘வாடா’ என்று அழைத்த அக்கா ஒருநாள் தயங்கி, ‘வாடி, சாப்பிடலாம்’ என்று சொல்லும் இடத்தில் நீண்ட வசனம் எதையும் சேர்க்காதீர்கள்.

காலத்துக்குப் பொருந்தாத சொற்களையும் கவனியுங்கள். 1928இல் வாழும் சிறுவன் இன்றைய கலைச்சொற்களில் தன்னை விளக்க முடியாது. “என்னைப் பையன் என்றே கூப்பிடு” என்று அவனால் சொல்ல முடியும். காலத்துக்கு உண்மையாக இருப்பதாகச் சொல்லி இழிசொற்களைப் பக்கந்தோறும் நிரப்ப வேண்டியதில்லை. படிப்பவர்களில் அந்தச் சொல்லால் அடிபட்டவர்கள் இருப்பார்கள்.

முடிவை எழுதும்போது ஆவணங்களின் மௌனத்தை மரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1933 மே மாதத்தில் நாஜி மாணவர்கள் பெர்லின் நிறுவனத்தைச் சூறையாடி அதன் நூல்களை எரித்தார்கள். அந்த நிறுவனத்தில் பணியாற்றியவரும், 1931இல் பாலின உறுதிப்பாட்டு அறுவை சிகிச்சையை நிறைவுசெய்திருந்தவருமான டோரா ரிக்டர் என்ற பெண் அந்தத் தாக்குதலோடு இறந்துவிட்டார் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. பின்னர் கிடைத்த பதிவுகள், அவர் 1966 வரை வாழ்ந்ததைக் காட்டின. உங்கள் கதாபாத்திரத்தைக் கடைசி அத்தியாயத்தில் கொல்வதற்கு முன், அவருக்கு முப்பது வயதில், ஐம்பது வயதில் என்ன வேலை, யாருடன் வாழ்கிறார் என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கத்தையும் சேர்த்து, முதல் வரைவை முடித்தவுடனேயே திருநர் வாசகர் ஒருவரிடம், அவருடைய நேரத்துக்கு உரிய ஊதியத்துடன், படிக்கக் கொடுங்கள்.