தேய்ந்த வெள்ளி ரூபாயில் வருஷத்தைத் தேடும்போது செய்யக் கூடாதவை

ஆச்சியின் சுருக்குப்பையிலிருந்து எனக்கு வந்தது ஒரு ராணி காசு. விக்டோரியா முகத்தில் மூக்கும் கொண்டையும் மட்டும் மிச்சம். பின்பக்கம் வருஷம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு 18 நிழலாகத் தெரிந்தது. மீதி இரண்டு எண் என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் நான் செய்த வேலையைத்தான் முதல் தவறாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் காட்டெருமை போட்ட ஐந்து சென்ட் நாணயம் ஒன்று உண்டு; எருமை நாணயம் என்பார்கள். 1913 முதல் 1938 வரை அடித்தார்கள். அதில் வருஷம் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஃபெர்ரிக் குளோரைடை ஒரு சொட்டு விட்டால் அந்த எண் மறுபடி எழும்பும் என்று படித்திருந்தேன். சென்னை ரிச்சி தெருவில், சர்க்யூட் போர்டை அரிப்பதற்கு அதைப் பொட்டலமாகவே விற்கிறார்கள். வாங்கிவந்து கரைத்து ஒரு சொட்டு விட்டேன். எண் வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு படலம் வந்தது. துடைத்தும் போகவில்லை. ஜன்னலோரம் வைத்திருந்த காசு இரண்டு நாளில் அந்த இடத்தில் மட்டும் ஊதாக் கறுப்பாகிவிட்டது.

எருமை நாணயம் முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். வெள்ளியே கிடையாது. வெள்ளியில் இந்தக் கரைசல் பட்டால் சில்வர் குளோரைடு உண்டாகும். வெளிச்சம் பட்டால் அது கறுக்கும். பழைய ஃபோட்டோத் தாளில் படம் விழுந்ததும் இந்தக் குணத்தால்தான். நான் காசை ஃபோட்டோத் தாளாக்கிவிட்டேன், அவ்வளவுதான். ஒரு உலோகத்துக்குச் சொன்ன வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்யாதீர்கள்.

அடுத்தது திராவகம். பத்தர் கடையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாமே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நைட்ரிக் அமிலம் வெள்ளியைக் கரைத்தே விடும். எண் ஒரு கணம் தெரிந்தாலும் தெரியலாம்; கூடவே அந்த இடம் அம்மைத் தழும்பு போலக் குழிந்துவிடும். கிளம்பும் பழுப்புப் புகை நுரையீரலுக்கு நஞ்சு. வீட்டுச் சமையலறையில் செய்கிற காரியம் இல்லை.

மூன்றாவது, அடுப்பில் சுடுவது. இதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. அச்சு விழும்போது எண் இருக்கும் இடத்திலும் சுற்றியுள்ள இடத்திலும் உலோகம் ஒரே மாதிரி அழுந்துவதில்லை. மேலே தேய்ந்த பிறகும் அந்த வித்தியாசம் அடியில் கொஞ்சம் தங்கியிருக்கும். சுரண்டி அழித்த இன்ஜின் நம்பரைத் தடயவியல்காரர்கள் மீட்பதும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் தேய்ந்த நாணயத்தை வைத்தால் எழுத்து ஒளிரும் என்று ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1832-லேயே எழுதியிருக்கிறார். சரி, ஆனால் நம் ரூபாயில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் செம்பு. சூட்டில் செம்பு கறுத்து வெள்ளிக்குள் இறங்கும். அந்தக் கறுப்பை எடுக்க மறுபடி அமிலம். கடைசியில் கையில் இருப்பது செத்த வெளுப்பில் ஒரு வட்டத் தகடு.

விபூதி, புளி, பல்பொடி போட்டுத் தேய்ப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்று மட்டும்: எண்ணின் ஓரத்தில் படிந்திருக்கும் அழுக்குதான் அந்த எண்ணைக் காட்டிக்கொடுக்கும். அதைத் துலக்கிவிட்டுப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து என்ன பயன்? மங்கிய எண்ணை ஊசியால் கீறிக் 'கூர்மையாக்குவது' அதைவிட மோசம். அப்படிக் கீறிய நாணயத்தை விற்றால் அது மோசடி.

இத்தனையையும் விடப் பெரிய தவறு, காசு வேறு இடத்தில் சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல் வருஷத்தையே முறைத்துக்கொண்டிருப்பது. தலையைச் சுற்றி இருக்கும் பெரிய எழுத்துகள் கடைசியில்தான் தேயும். 'விக்டோரியா குயின்' என்றிருந்தால் 1877-க்கு முந்தியது. 'எம்ப்ரஸ்' என்றிருந்தால் 1877 முதல் 1901 வரை. கிரீடம் இல்லாத வழுக்கைத் தலை ஏழாம் எட்வர்டு. அவர் ரூபாய் 1903 முதல் 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அங்கியில் ஒரு குட்டி யானை இருக்கும். 1911-இல் அடித்ததில் அதன் தும்பிக்கை குட்டையாகி, பன்றி மாதிரி தெரிந்து பெரிய சலசலப்பாயிற்று. அடுத்த வருஷமே யானையைத் திருத்தினார்கள். ஆக, பன்றி இருந்தால் 1911. எண்ணே வேண்டாம்.

இன்னொரு வேடிக்கை: வருஷத்தை மீட்டாலும் அது உண்மையான வருஷமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1862 என்று போட்ட ரூபாயைப் பத்து வருஷத்துக்கு மேல் அதே எண்ணோடு அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் இருக்கும் நுண்ணிய புள்ளிகளை எண்ணித்தான் சேகரிப்பாளர்கள் எந்த வருஷம் என்று கணக்குப் போடுகிறார்கள். புள்ளி போய்விட்டால் 1862 என்று படித்தும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

விலையும் அப்படித்தான். ராணி காசுகளில் பெரும்பாலானவை ஏராளமாகக் கிடைப்பவை. தேய்ந்த காசுக்குப் பெரும்பாலும் வெள்ளி விலைதான். புதிதில் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 'ரூபாய் எடை' என்று மருந்துச் சரக்குக் கடையில் சொல்வது இதைத்தான். அரிய வருஷமாகவே இருந்தாலும், அமிலம் பட்டதென்று தெரிந்தால் வாங்குபவர் சேதமான காசு என்றுதான் விலை பேசுவார்.

அப்புறம் என்னதான் செய்வது? இரவில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை மேஜை மட்டத்தில் படுக்க வையுங்கள். காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். ஒரு கோணத்தில் 7-இன் கால் போல ஏதோ நீளும், அடுத்த கணம் மறையும். அந்தக் கணத்தில் படம் எடுங்கள். பார்க்கப் பார்க்க எல்லா எண்ணும் தெரிவது போலத் தோன்றும், கண்ணை நம்ப வேண்டாம். வாயால் லேசாக ஆவி விட்டும் பார்க்கலாம்.

என் காசில் அந்த ஊதாக் கறை இன்னும் இருக்கிறது, சரியாக எண் இருந்த இடத்தின் மேல். போன மாதம் டார்ச்சில் திருப்பிப் பார்த்தபோது ராணியின் தலைக்குப் பக்கத்தில் 'எம்ப்ர' வரைக்கும் படிக்க முடிந்தது.